ட்ரெவர் பெய்லி: சம்பளம் இல்லாமல் கட்டை போட்டவர்

ஒரு அரை சதம் அடிக்க 357 நிமிடம். கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். 1958 டிசம்பர், பிரிஸ்பேன், இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் தொடரின் முதல் டெஸ்ட், இங்கிலாந்தின் இரண்டாவது இன்னிங்ஸ். ஆடியவர் எசெக்ஸ் கவுண்டி (மாவட்ட) அணியின் ட்ரெவர் பெய்லி. முதல்தரக் கிரிக்கெட்டிலேயே மிக மெதுவான அரை சதம் என்று அது பதிவாகியிருக்கிறது. ஒருவழியாக 68 ரன்னில் அவுட்டானபோது அவர் களத்தில் நின்றிருந்த நேரம் 458 நிமிடம், சந்தித்த பந்துகள் 427. இதில் கூடுதல் கொடுமை என்னவென்றால், ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் கிரிக்கெட் தொலைக்காட்சியில் முதன்முதலாக நேரடியாக ஒளிபரப்பானது அந்த ஆட்டத்தில்தான். புதுப் பெட்டியை வாங்கி வைத்து ஆசையோடு எதிரே உட்கார்ந்தவர்கள் பாவம்.

இந்த இன்னிங்ஸைப் பற்றிக் கிண்டலாக எழுதாத கிரிக்கெட் எழுத்தாளர் இல்லை, நானும் அதையே செய்யப்போவதில்லை. என்னைப் பிடித்து இழுத்தது வேறு விஷயம். அந்த அணியில் பெய்லி ஒரு அமெச்சூர். கிரிக்கெட் ஆடக் காசு வாங்காதவர், இஷ்டத்துக்கு, மகிழ்ச்சிக்கு ஆடுகிறவர் என்று கணக்கு. அதே அணியில் ஜிம் லேக்கர், டோனி லாக் மாதிரி ஆட்கள் எல்லாம் தொழில்முறை ஆட்டக்காரர்கள், கூலிக்கு ஆடுகிறவர்கள். மகிழ்ச்சிக்காக ஆட வந்த மனிதர் ஏழரை மணி நேரம் கட்டை போட்டுக்கொண்டு நின்றார் என்றால் அந்த ஏற்பாட்டிலேயே ஏதோ கோளாறு இருந்திருக்க வேண்டும் இல்லையா? அந்தக் கோளாறு என்ன என்று தேடிப்போனால், பெய்லியின் வாழ்க்கையே அதற்குப் பதிலாக நிற்கிறது.

முதலில் அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து கவுண்டி கிரிக்கெட்டில் 1962 வரை இரண்டு சாதி இருந்தது, இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. அமெச்சூர் ஒரு பக்கம், தொழில்முறைக்காரர் இன்னொரு பக்கம். ஒரே அணிதான், ஆனால் உடை மாற்றும் அறை வேறு, பல மைதானங்களில் களத்துக்குள் இறங்கி வரும் வாசல்கூட வேறு. ஸ்கோர் அட்டையில் அமெச்சூருக்குப் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடுவார்கள், மற்றவருக்குப் பெயருக்குப் பின்னால். லார்ட்ஸில் ஒருமுறை இளம் சுழல்பந்து வீச்சாளர் ஃபிரெட் டிட்மஸ் பேட் செய்ய இறங்கும்போது, உங்கள் அட்டையில் ஒரு திருத்தம், எஃப்.ஜே. டிட்மஸ் என்று இருப்பதை டிட்மஸ் எஃப்.ஜே. என்று வாசிக்கவும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம். அந்தப் பையன் பின்னாளில் அதே மிடில்செக்ஸுக்குக் கேப்டனானார் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

கேப்டன் பதவி அமெச்சூருக்குத்தான் என்பது எழுதாத சட்டம். தொழில்முறை ஆட்டக்காரர் எவரும் இங்கிலாந்துக்குக் கேப்டனாகும் நாள் வரக்கூடாது என்று யார்க்ஷயரின் லார்ட் ஹாக் 1925-ல் வெளிப்படையாகவே கடவுளை வேண்டிக்கொண்டார். 1952-ல் லென் ஹட்டன் அந்த வேண்டுதலைப் பொய்யாக்கினார். வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்துக்குக் கேப்டனாக இருந்த ஹட்டன் தன் சொந்தக் கவுண்டியான யார்க்ஷயருக்குக் கேப்டன் இல்லை. அங்கே நார்மன் யார்ட்லி என்ற அமெச்சூரின் கீழ் ஆடிக்கொண்டிருந்தார்.

இந்தப் பிரிவுக்கு ஒரு அழகியல் நியாயமும் கற்பித்து வைத்திருந்தார்கள். அமெச்சூருக்கு வயிற்றுப் பிழைப்புக் கவலை இல்லை, அதனால் அவன் துணிந்து அடிப்பான், கூட்டத்தைக் குஷிப்படுத்துவான். தொழில்முறைக்காரன் அடுத்த வருட ஒப்பந்தத்தை நினைத்துக்கொண்டே பயந்து பயந்து ஆடுவான். இதற்கு எப்போதும் காட்டும் உதாரணம் க்ளோஸ்டர்ஷயரின் கில்பர்ட் ஜெஸப். 1902-ல் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 263 ரன்னைத் துரத்தி 48-க்கு 5 என்று இங்கிலாந்து படுத்துக் கிடந்தபோது உள்ளே வந்து, ஒன்றேகால் மணி நேரத்தில் சதம் போட்டு, 104 எடுத்து ஆட்டத்தைத் திருப்பியவர். கடைசியில் ஹர்ஸ்டும் ரோட்ஸும் ஒரு விக்கெட் மிச்சம் வைத்து ஜெயிக்க வைத்தார்கள். ஜெஸப் நிஜமாகவே பிரமாதமான ஆட்டக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவரை வைத்து ஒரு தத்துவத்தை நிறுவியவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்: ஜெஸப் க்ளோஸ்டர்ஷயருக்குக் கேப்டனாக மட்டும் இல்லை, கடைசிச் சில வருடங்களில் அந்தக் கவுண்டி கிளப்பின் செயலாளராகவும் இருந்தார்.

செயலாளர் என்ற அந்தப் பதவியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இனி அடிக்கடி வரும்.

பெய்லி பிறந்தது 1923 டிசம்பர் 3, எசெக்ஸில் தேம்ஸ் கடலோடு கலக்கும் இடத்தை ஒட்டிய வெஸ்ட்கிளிஃப். அப்பா கடற்படை அமைச்சகத்தில் வேலை பார்த்தவர். குறையில்லாத நடுத்தரக் குடும்பம், ஆனால் மகன் வாழ்நாள் முழுக்க வெள்ளை உடை போட்டுக்கொண்டு சும்மா பந்து விளையாடட்டும் என்று விடுகிற அளவுக்குச் சொத்துபத்து கிடையாது. ஆலின் கோர்ட் என்ற சிறுவர் பள்ளியில் எசெக்ஸின் கேப்டனாக இருந்த டெனிஸ் வில்காக்ஸ் ஆசிரியராக வாய்த்தார். அப்புறம் டல்விச் கல்லூரிப் பள்ளி, 14 வயதிலேயே பள்ளியின் முதல் அணியில் இடம். போர்க்காலத்தில் ராயல் மரீன்ஸ் படையில் அதிகாரி. போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜ், கூடவே 1946-ல் எசெக்ஸுக்கு அறிமுகம். இந்தப் பாதையில் வந்தவன் என்றால் அமெச்சூர் என்றுதான் முத்திரை விழும். குடும்பத்தில் பணம் இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. எந்தப் பள்ளி, எந்தப் பல்கலைக்கழகம் என்றுதான் பார்த்தார்கள்.

பட்டம் வாங்கி வெளியே வந்ததும் நடைமுறைச் சிக்கல் தொடங்குகிறது. மே முதல் செப்டம்பர் வரை வாரத்துக்கு ஆறு நாள் கவுண்டி ஆட்டம். மூன்று நாள் ஆட்டம் ஒன்று முடிந்த அன்று இரவே ரயிலிலோ காரிலோ அடுத்த ஊர், மறுநாள் அடுத்த ஆட்டம். இதை ஆடிக்கொண்டே வேறு எந்த வேலைக்குப் போக முடியும்? சொத்து இருக்கிறவன் ஆடலாம், கோடை விடுமுறையில் பள்ளி ஆசிரியர் ஆறு வாரம் ஆடலாம். மற்றவர்கள் ஒன்று ஆட்டத்தை விட வேண்டும், அல்லது சம்பளத்துக்கு ஆட வேண்டும். சம்பளத்துக்கு ஆடினால் வாசல் மாறிவிடும், கேப்டன் ஆகும் வாய்ப்பும் போய்விடும்.

எசெக்ஸ் கண்டுபிடித்த வழி, பெய்லியைக் கிளப்பின் துணைச் செயலாளராக நியமிப்பது. 1948-ல் அது நடந்தது. 1955-ல் முழுச் செயலாளர் ஆனார், பத்து வருடம் அந்தப் பதவியில் இருந்தார். சம்பளம் செயலாளர் வேலைக்கு. கிரிக்கெட் ஆடுவது? அது சும்மா, இலவசம், மகிழ்ச்சிக்கு. அதே கிளப், அதே மனிதர், அதே கஜானா, ஆனால் காசோலையில் எழுதும் காரணம் மட்டும் வேறு. இப்படியாக ட்ரெவர் பெய்லி 1962 வரை கிரிக்கெட்டை மட்டுமே நம்பி வாழ்ந்த அமெச்சூராக இருந்தார்.

இது எசெக்ஸின் சொந்தச் சரக்கும் இல்லை. லங்காஷயர் 1900-லேயே ஆர்ச்சி மக்லாரனை இதே மாதிரி துணைச் செயலாளர் ஆக்கித்தான் தக்கவைத்துக்கொண்டது. அதற்கும் முந்தையவர் டாக்டர் டபிள்யூ.ஜி. கிரேஸ். செலவுத்தொகை என்ற பெயரில் அவர் வாங்கியதை எந்தத் தொழில்முறை ஆட்டக்காரரும் கனவில்கூடப் பார்த்திருக்க மாட்டார். 1895-ல் அவருக்காக நாடே திரட்டிக் கொடுத்த நிதி 9000 பவுண்டுக்கு மேல், அந்தக் காலத்துப் பவுண்டு! ஆனாலும் கிரேஸ் சாகும்வரை அமெச்சூர்தான். வாலி ஹாமண்ட் கதை இன்னும் சுவாரசியம்: க்ளோஸ்டர்ஷயரின் தொழில்முறை ஆட்டக்காரராகப் பல வருடம் ஆடியவர், ஒரு டயர் கம்பெனியில் நிர்வாகக் குழு உறுப்பினர் பதவி கிடைத்ததும் அமெச்சூராக மாறினார், 1938-ல் உடனே இங்கிலாந்து கேப்டன். மட்டையும் மாறவில்லை, கவர் டிரைவும் மாறவில்லை, வாசல் மட்டும் மாறியது.

ஜிம் லேக்கர் பற்றியும் ஒன்று சொல்வார்கள். 1958-59 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முன்னால், நானும் அமெச்சூராக மாறிவிடலாமா என்று பார்க்கிறேன், செலவுத்தொகையோடு வந்தால் எனக்குக் கையில் கூடுதலாக மிஞ்சும் போலிருக்கிறது என்று பெரிய இடத்தில் போய்ச் சொன்னாராம். கேட்டவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கவில்லை. ஒரே டெஸ்ட்டில் 19 விக்கெட் எடுத்த மனிதர் கணக்குப் போட்டுக் காட்டினால் யாருக்குச் சிரிப்பு வரும்?

ஆனால் பெய்லியை வெறும் ஏற்பாட்டின் அடையாளமாக மட்டும் பார்த்துவிட்டுப் போனால் அது அநியாயம். ஆட்டக்காரராக அவர் யார் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1949-ல் நியூசிலாந்துக்கு எதிராக ஹெடிங்லியில் முதல் டெஸ்ட், முதல் இன்னிங்ஸிலேயே 6 விக்கெட். அதே கோடையில் கிளாக்டன் கடற்கரை ஊரில் லங்காஷயருக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டும் அவருக்கே, 90 ரன் கொடுத்து. ஒரு பருவத்தில் 1000 ரன், 100 விக்கெட் என்கிற இரட்டைச் சாதனையை எட்டு முறை செய்தார். 1959-ல், 35 வயதில், 2000 ரன்னும் 100 விக்கெட்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அதை வேறு யாரும் செய்யவில்லை, இனி கவுண்டி ஆட்டங்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டபடியால் யாரும் செய்யவும் முடியாது. மொத்தம் 28,641 முதல்தர ரன்கள், 2082 விக்கெட்டுகள். 61 டெஸ்ட்டில் 2290 ரன்னும் 132 விக்கெட்டும். இவர் கோடை விடுமுறையில் கைவீசிப் பொழுதுபோக்கிவிட்டுப் போன கனவான் இல்லை.

எனக்குப் பெய்லி என்றால் 1953 தான். அந்த வருட ஆஷஸ் தொடரில் அவர் செய்த வேலையைத் தனியாக எடுத்து வைத்தால் ஒரு பாடம் மாதிரி இருக்கும். லார்ட்ஸில் இரண்டாவது டெஸ்ட், இங்கிலாந்துக்கு இலக்கு 343, நான்காம் நாள் இரவு 12 ரன்னுக்குள் மூன்று விக்கெட் காலி. கடைசி நாள் உணவு இடைவேளைக்கு முன்பே காம்ப்டனும் போய்விட்டார், 73-க்கு 4. ஆஸ்திரேலியப் பந்துவீச்சு என்றால் லிண்ட்வால், மில்லர், ஜான்ஸ்டன், டேவிட்சன். ஒரு முனையில் வில்லி வாட்சன், யார்க்ஷயரின் தொழில்முறை ஆட்டக்காரர், கால்பந்திலும் இங்கிலாந்துக்கு ஆடியவர். இன்னொரு முனைக்குப் பெய்லி வந்தார். இரண்டு பேரும் நாலு மணி நேரத்துக்கு மேல் பிரியவே இல்லை, 163 ரன் சேர்த்தார்கள். வாட்சன் 109, பெய்லி 257 நிமிடத்தில் 71. முன்காலை நீட்டி, மட்டையைச் செங்குத்தாக இறக்கி, பந்தைக் காலடியிலேயே சாகவிடுகிற அந்த ஒரே ஷாட்டை எத்தனை தடவை ஆடியிருப்பார்! அவுட்டானது ஒரு பெரிய ஷாட்டுக்குப் போய்த்தான், தன் மீதே எரிச்சலோடு வெளியே போனாராம். ஆட்டம் டிரா, 282-க்கு 7.

இங்கே ஒரு தொழில்முறைக்காரரும் ஒரு அமெச்சூரும் ஒரே மாதிரி கட்டை போட்டு ஒரே ஆட்டத்தைக் காப்பாற்றினார்கள். பேட்டிங்கைப் பார்த்து எவர் எந்த வாசல் வழியாக வந்தார் என்று சொல்ல முடியுமா? பார்க்கப்போனால் வாட்சன்தான் கொஞ்சம் அழகாக ஆடினார்.

இரண்டு டெஸ்ட் தள்ளி ஹெடிங்லி. அங்கே பெய்லி செய்ததை ஆஸ்திரேலியர்கள் கடைசிவரை மன்னித்திருப்பார்களா தெரியாது. முதலில் 262 நிமிடம் நின்று 38 ரன். உணவு இடைவேளைக்குச் சற்று முன்னால், நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் போதவில்லை என்று நடுவர்களிடம் முறையிட்டார், அவர்கள் கூடிப் பேசி மறுப்பதற்குள் ஒரு ஓவர் மிச்சமாகிவிட்டது என்று ஒரு கதை உண்டு. பிறகு ஆஸ்திரேலியாவுக்கு 115 நிமிடத்தில் 177 ரன் தேவை, வேகமாக அடித்து நெருங்கிவிட்டார்கள். அப்போது பெய்லி பந்தை வாங்கி, நீளமாக ஓடி வந்து, லெக் ஸ்டம்புக்கு வெளியே எட்டாத இடத்தில் பந்தைப் போட்டுக்கொண்டே இருந்தார். விதிக்கு உட்பட்டதுதான், ஆனால் பார்க்கச் சகிக்காது. 147-க்கு 4, நேரம் முடிந்தது, டிரா. இந்த டிரா இல்லாவிட்டால் ஓவலில் நடந்த கடைசி டெஸ்ட்டில் ஆஷஸை மீட்டிருக்கவே முடியாது. அந்த ஓவல் டெஸ்ட்டிலும் இங்கிலாந்து முன்னிலை பெற்றது பெய்லியின் 64-ஆல் தான், 19 வருடம் கழித்து ஆஷஸ் திரும்பி வந்தது.

கூலிக்கு ஆடுகிறவன் எப்படியாவது தப்பிக்கப் பார்ப்பான், கனவான் நேர்மையாக ஆடித் தோற்பான் என்பதுதானே பாட்டு? ஹெடிங்லியில் கனவான் செய்தது இது. எனக்கு அது பிடித்திருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன், ஆனால் அன்று டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தால் இப்படிச் சொல்வேனா என்பது சந்தேகம்.

அடுத்த குளிர்காலம் மேற்கிந்தியத் தீவுகள் பயணம். ஹட்டன் கேப்டன், பெய்லி துணைக் கேப்டன், அதாவது தொழில்முறைக்காரர் மேலே, அமெச்சூர் கீழே. சில வருடம் முன்னால் நினைத்தும் பார்த்திருக்க முடியாத வரிசை. கிங்ஸ்டனில் கடைசி டெஸ்ட், பேட்டிங்குக்கு அருமையான ஆடுகளம், மேற்கிந்தியத் தீவுகள் டாஸ் ஜெயித்துப் பேட் செய்ய இறங்கியது. வீக்ஸ், வொரெல், வால்காட் மூன்று பேரும் இருக்கும் அணி. பெய்லி 34 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார், எதிரணி 139-க்குச் சுருண்டது. அதோடு விடவில்லை, அன்றே ஹட்டனோடு தொடக்க ஆட்டக்காரராகவும் இறங்கிவிட்டார். ஹட்டன் 205 அடிக்க இங்கிலாந்து ஜெயித்துத் தொடரை 2-2 என்று சமன் செய்தது. அந்த டெஸ்ட்டில் மேற்கிந்திய அணிக்கு அறிமுகமான 17 வயதுப் பையன் ஒருவன் 4 விக்கெட் எடுத்தான், பெயர் கார்ஃபீல்டு சோபர்ஸ்.

பெய்லியைப் பற்றி ஒரு இனிமையான விஷயமும் உண்டு, எல்லாமே கட்டையும் கரடுமுரடும் இல்லை. 1955-ல் சிட்னியில், தொடர் ஏற்கெனவே இங்கிலாந்து கைக்கு வந்துவிட்டது, பெய்லி 72-ல் நிற்கிறார். லிண்ட்வாலுக்கு இங்கிலாந்துக்கு எதிரான நூறாவது விக்கெட்டுக்கு ஒன்று பாக்கி. அவர் இனி இங்கிலாந்தோடு ஆடமாட்டார் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள், அதனால் பெய்லி வேண்டுமென்றே பந்தை விட்டு ஸ்டம்பைக் கொடுத்துவிட்டார். அமெச்சூர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொன்னவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் லிண்ட்வால் எங்கே ஓய்வு பெற்றார்? அடுத்த வருடம் இங்கிலாந்துக்கு வந்தார், 1959-ல் மெல்பர்னிலும் வந்து நின்றார். பெய்லியின் கடைசி டெஸ்ட் அது. இரண்டு இன்னிங்ஸிலும் பூஜ்யம், இரண்டு தடவையும் அவுட்டாக்கியது லிண்ட்வால்.

கால்பந்தையும் சொல்லாமல் விடக்கூடாது. குளிர்காலங்களில் லண்டனின் வால்தம்ஸ்டோ அவென்யூ கிளப்புக்கு ஆடினார். 1952-ல் வெம்ப்ளியில் ஒரு லட்சம் பேர் முன்னிலையில் நடந்த அமெச்சூர் கோப்பை இறுதிப்போட்டியில் லேட்டனை 2-1 என்று ஜெயித்த அணியில் பெய்லி இருந்தார். அடுத்த பருவம் அந்தக் கிளப் எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டை அவர்களுடைய ஓல்ட் டிராஃபோர்டிலேயே 1-1 என்று நிறுத்திவிட்டு, மறு ஆட்டத்தில்தான் தோற்றது. கால்பந்திலும் அமெச்சூர் என்ற பெயருக்குப் பின்னால் பூட்ஸுக்குள் நோட்டைத் திணித்துக் கொடுக்கும் பழக்கம் பரவலாக இருந்ததென்பது ஊரறிந்த ரகசியம். அங்கே அந்தப் பிரிவை 1974-ல் தான் ஒழித்தார்கள்.

எசெக்ஸுக்கு வருவோம். சொந்த மைதானம் இல்லாத கவுண்டி. 1933-ல் லேட்டன் தலைமையகத்தை விட்டு வெளியேறிய பிறகு ஊர் ஊராகப் போய் ஆடினார்கள்: இல்ஃபோர்டு, ரோம்ஃபோர்டு, பிரெண்ட்வுட், செம்ஸ்ஃபோர்டு, கோல்செஸ்டர், கிளாக்டன், சவுத்எண்ட், வெஸ்ட்கிளிஃப். ஒவ்வொரு ஊரிலும் ஒரு வாரம். ஸ்கோர் பலகை, பெஞ்சு, கூடாரம் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, வாரம் முடிந்ததும் கழற்றி அடுத்த ஊர். டெண்டுக் கொட்டகை சர்க்கஸ்தான். 1961-ல் டக் இன்சோலுக்குப் பிறகு பெய்லி கேப்டனும் ஆனார். அதாவது 1961 முதல் 1965 வரை அவரே செயலாளர், அவரே கேப்டன், அவரே அணியின் முதன்மை ஆல்ரவுண்டர். கேப்டனாக ஒரு ஆட்டக்காரரைச் சிபாரிசு செய்துவிட்டு, செயலாளராக அவருக்குச் சம்பளம் கொடுக்கக் காசு இருக்கிறதா என்றும் அவரே பார்க்க வேண்டும். கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் 1960-களின் நடுவில் வாரிக்ஷயர் ஆதரவாளர் சங்கம் வட்டியில்லாமல் கொடுத்த கடனில் செம்ஸ்ஃபோர்டு மைதானத்தை எசெக்ஸ் சொந்தமாக வாங்கியது. அவர் தலைமையில் 1962-ல் அறிமுகமான ஒரு பையன், கீத் ஃப்ளெட்சர், 1979-ல் எசெக்ஸுக்கு அதன் முதல் சாம்பியன் பட்டத்தைக் கேப்டனாக வாங்கிக் கொடுத்தார்.

ஆகவே செயலாளர் பதவி ஒரு நாடகம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பாசாங்கு இருந்தது, ஆனால் பாசாங்கு பெய்லியுடையது இல்லை, அமைப்புடையது. நல்ல ஆட்டக்காரனுக்கு நேராகக் காசு கொடுக்கக் கூச்சப்பட்டார்கள், அதே நேரம் வாட்சன் மாதிரி ஆட்களை வேறு அறையில் உட்கார வைக்கக் கூச்சப்படவில்லை. எனக்குக் கோபம் அந்த இரண்டாவது விஷயத்தில்தான்.

முடிவும் கௌரவமாக வரவில்லை. 1957-58-ல் நார்ஃபோக் பிரபு தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து யோசித்து, அமெச்சூர் நிலை கிரிக்கெட்டுக்கு அவசியம், அப்படியே இருக்கட்டும் என்று சொன்னது. ஐந்து வருடம்கூடத் தாங்கவில்லை. 1962 நவம்பரில் கவுண்டிகளின் ஆலோசனைக் குழு பிரிவை ஒழிக்க முடிவெடுத்தது, 1963 ஜனவரியில், இங்கிலாந்து கிரிக்கெட்டை அன்று நிர்வகித்த எம்.சி.சி. அதை ஏற்றது. அமெச்சூர்கள் ஒரு அணி, தொழில்முறைக்காரர்கள் ஒரு அணி என்று 1806-ல் தொடங்கிய ஜென்டில்மேன் - பிளேயர்ஸ் ஆட்டமும் 1962 செப்டம்பரில் ஸ்கார்பரோவில் நடந்ததோடு முடிந்தது, அதில் ஜெயித்தது பிளேயர்ஸ். கூட்டம் குறைந்துகொண்டே போனது, கணக்கு இடித்தது, சும்மா ஆட வசதியுள்ள இளைஞர்கள் போருக்குப் பிறகு அருகிப்போனார்கள். 1963-லேயே ஜில்லெட் கோப்பை வந்துவிட்டது, ஒரு நாள் ஆட்டம், விளம்பரதாரர் பெயரோடு. இனி யார் காசு வாங்குகிறார் யார் வாங்கவில்லை என்று கேட்பதே அபத்தம்.

பெய்லிக்கு 1963-ல் என்ன மாறியது? ஸ்கோர் அட்டையைத் தவிர ஒன்றும் இல்லை. முந்தின வருடம் போலவே செம்ஸ்ஃபோர்டு, கிளாக்டன், இல்ஃபோர்டு என்று லாரியின் பின்னால் போனார், அதே மட்டையால் அதே பந்தைத் தடுத்தார், ஓவர் போட்டார், கணக்குப் பார்த்தார். 1966 வரை கேப்டன், 1967-ல் 43 வயதில் ஓய்வு. பிறகு ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகையில் இருபது வருடத்துக்கு மேல் கிரிக்கெட்டும் கால்பந்தும் எழுதினார், பி.பி.சி. வானொலியின் டெஸ்ட் மேட்ச் வர்ணனையில் 1999 வரை முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் ஃபிரெட் ட்ரூமனோடு உட்கார்ந்து பேசினார். அங்கே அவருடைய பேச்சு வாக்கியமாகவே இருக்காது. நல்ல வீச்சு. சுமாரான ஷாட். தேவையில்லாத ஓட்டம். அவ்வளவுதான், மிச்சத்தை ட்ரூமன் பார்த்துக்கொள்வார். மட்டையை ஆறு மணி நேரம் அசைக்க மறுத்த மனிதர் இளம் பேட்ஸ்மேன்கள் மெதுவாக ஆடினால் மைக்கில் அலுத்துக்கொள்ளவும் தயங்கவில்லை.